காணொளியைச் சுற்றிய கறுப்புப் பட்டை

பக்கத்தில் பதித்திருந்த காணொளி கணினியில் ஒழுங்காகவே தெரிந்தது. 360 பிக்சல் அகலக் கைப்பேசியில் திறந்தால், மேலும் கீழும் தடித்த கறுப்புப் பட்டைகள். காணொளியைப் பக்கத்துக்குள் காட்டும் சட்டகமான ஐஃப்ரேமில் அகலம் 560, உயரம் 315 என்று எழுதியிருந்தேன். அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்ற சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) விதி அகலத்தை மட்டும் குறுக்கியது, உயரம் அசையவில்லை.

படங்களுக்குச் செய்வதுபோல் உயரத்தை 'ஆட்டோ' (உலாவியே முடிவுசெய்யட்டும்) ஆக்கினேன். பட்டைகள் பக்கவாட்டுக்கு இடம் மாறியதுதான் மிச்சம்! படத்துக்குச் சொந்த அகல-உயர விகிதம் உண்டு, ஐஃப்ரேமுக்குக் கிடையாது. உலாவி தன் வழக்கப்படி 150 பிக்சல் உயரத்தைக் கொடுத்துவிடுகிறது.

பழைய வித்தை ஒன்று உண்டு: வெளியே ஒரு டிவ் (வெறும் பெட்டி), அதன் மேல்பக்க பேடிங் (உள் இடைவெளி) 56.25 சதவீதம், உள்ளே பெட்டி முழுவதையும் நிரப்பும்படி அப்சல்யூட்டாக ஐஃப்ரேம். காணொளியின் அகல-உயர விகிதம் 16-க்கு 9; 9-ஐ 16-ஆல் வகுத்தால் வரும் சதவீதம் அது. பேடிங்கின் சதவீதம் அகலத்தை வைத்தே கணக்கிடப்படுவதால் பலிக்கிறது. எனக்கோ அது ஒட்டுப்போட்ட சட்டையாகவே தோன்றும்.

2021 இறுதிக்குள் முக்கிய உலாவிகள் எல்லாம் அந்த விகிதத்தை நேரடியாகவே குறிக்கும் ஆஸ்பெக்ட்-ரேஷியோ பண்பை ஏற்றுவிட்டன. அகலம் 100 சதவீதம், உயரம் ஆட்டோ, விகிதம் 16/9: மூன்றே வரிகள். நடுவரியை நான் முதலில் விட்டுவிட்டேன்; பழைய 315 மறுபடி தலைதூக்கி, அரை மணி நேரத்தைத் தின்றது. நெடுவாக்கில் எடுத்த காணொளிகளுக்கு 9/16 என்று தனி சிஎஸ்எஸ் வகுப்பு (பெயரிட்ட விதித்தொகுப்பு) வைத்திருக்கிறேன்.