மனநோயோடு போதைப் பழக்கமும் இருப்பவருக்கு எந்தப் பாட்டைப் போடுவது?

வீட்டில் ஒருவருக்கு மனச்சோர்வோ மனச்சிதைவோ இருந்து, கூடவே குடியும் இருந்தால், ‘மனசுக்கு இதமா பாட்டுக் கேளு’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பாட்டு? குடித்த இரவுகளில் ஓடிய பாட்டு, குடியை விட்டவருக்கும் மறுபடி அந்த ஆசையைக் கிளப்பிவிடும்.

அதனால் முதலில் அவரோடு உட்கார்ந்து, கைப்பேசியில் இருக்கும் பாட்டுகளைப் பிரித்துவையுங்கள். நீங்களாக எதையும் அழிக்காதீர்கள், அவரே சொல்லட்டும். எதைக் கேட்டால் குடிக்கத் தோன்றுகிறதோ அதை இப்போதைக்கு ஒதுக்குங்கள். அழவைக்கும் பாட்டை ஒதுக்க அவசரம் வேண்டாம்; அழுதபின் லேசாகிறாரா, அல்லது அதையே திரும்பத் திரும்பப் போட்டு இன்னும் முடங்கிப்போகிறாரா என்று சில நாள் கவனியுங்கள். ஒலி 968 கேட்கிற வீடுதான் நம்முடையது, ஆனால் வானொலியில் அடுத்து என்ன வரும் என்பது நம் கையில் இல்லை, ஆரம்பத்தில் அவர் பிரித்துவைத்த பாட்டுகளே நல்லது.

சோர்ந்து கிடப்பவரிடம் குத்துப்பாட்டு போட்டால் எரிச்சல்தான் வரும். இசை சிகிச்சையாளர்கள் அவருடைய அப்போதைய மனநிலைக்கு ஒத்த பாட்டில் தொடங்கி, அடுத்தடுத்த பாட்டில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார்கள். வீட்டிலும் நான்கைந்து பாட்டில் இதைச் செய்யலாம். கூடவே தொடையில் தாளம் போடச் சொல்லுங்கள், நீங்களும் போடுங்கள். அடுக்குமாடி வீட்டில் அண்டைவீட்டாருக்கும் தொந்தரவில்லை.

காதில் குரல் கேட்பவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சிலருக்கு இயர்போனில் பாட்டு ஓடினால் குரல்கள் அடங்கும். சிலருக்கோ பாட்டு வரிகளே தன்னைப் பற்றிப் பேசுவதாகப் படும். அப்படிச் சொன்னால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

போதைப் பழக்கத்துக்கான இசை சிகிச்சை பற்றிய 21 ஆய்வுகளை 2022-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தால் போதை வேட்கை குறையலாம், சிகிச்சையில் நாட்டம் கூடலாம் என்பது அதன் முடிவு. சேர்த்தால்தான்! மருந்தை நிறுத்தவே கூடாது. நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம், அதற்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும்.

சிங்கப்பூர் மனநலக் கழகத்தில், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் நாம்ஸ் பிரிவின் உதவி எண் 6732 6837. மனம் மிகவும் உடைந்திருந்தால் 1771 அல்லது 1767-ஐ அழையுங்கள், இரண்டும் நாள் முழுக்க இயங்கும். பேசும்போது குடியையும் மனநோயையும் சேர்த்தே சொல்லுங்கள், தகுதிபெற்ற இசை சிகிச்சையாளரைப் பார்க்க வழியுண்டா என்றும் கேளுங்கள்.