மண் டேட்டாவ வச்சு மேப் போட கத்துக்கறது எப்படி: மியூஸ் ஆத்தங்கரைலேருந்து உங்க ப்ராஜெக்ட் வரைக்கும்

ஜியாகிராஃபி, அக்ரி, ரிமோட் சென்சிங்னு எதாவது ஒண்ணுல பிஜி ப்ராஜெக்டோ பிஎச்டியோ பண்றவங்களுக்கும், அவங்களுக்கு கத்துக்குடுக்கற லெக்சரர்களுக்கும்தான் இத எழுதறேன். பொதுவா என்ன நடக்குதுன்னா, மேப் போடற ஃப்ரீ சாஃப்ட்வேர் க்யூஜிஐஎஸ்ஸ தொறந்து மண் சாம்பிள் பாயிண்ட்ட உள்ள போட்டு இன்டர்பொலேஷன் (சாம்பிள் எடுக்காத எடத்து மதிப்ப சுத்தி இருக்கற சாம்பிள வச்சு கணிக்கறது) பட்டன அமுக்கினா பச்ச மஞ்ச செகப்புன்னு அழகா ஒரு மேப் வந்துரும், அத அப்படியே தீசிஸ்ல ஒட்டிடுவாங்க. எந்த டேட்டா குடுத்தாலும் மேப் வரும், அதுதான் சிக்கலே, குப்பைய குடுத்தாலும் அதே அழகோட வரும். வைவால எக்ஸ்டர்னல் வந்து "இந்த எடத்துல நீ மண்ணே எடுக்கலயே, இந்த நம்பர எவ்ளோ நம்பலாம்"னு ஒரே ஒரு கேள்வி கேட்டா கத கந்தல். அந்த கேள்விக்கு பதில் சொல்ற அளவுக்கு எப்படி பழகறதுன்னு பாப்போம்.

முதல்ல உங்க சொந்த டேட்டாவ தொடாதீங்க. நல்லா தெரிஞ்ச, விடை தெரிஞ்ச ஒரு டேட்டால கை பழகிட்டு வாங்க. இதுக்குன்னே உலகம் பூரா கிளாஸ்ல ஓட்டற ஒண்ணு இருக்கு, மியூஸ் டேட்டாசெட். நெதர்லாண்ட்ஸ்ல ஸ்டைன்ங்கற ஊர் பக்கத்துல மியூஸ் ஆத்தோட வெள்ளச் சமவெளில 155 எடத்துல மேல்மண்ணு எடுத்து காட்மியம், காப்பர், லெட், ஸிங்க் எவ்ளோ இருக்குன்னு அளந்தது. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்து ஃபீல்ட்வொர்க் ரிப்போர்ட்லேருந்து வந்த டேட்டா, 1993ல எழுதினது. ஆறு மேல பெல்ஜியம் பக்கத்துலேருந்து பழைய சுரங்கம், உலோகத் தொழிற்சாலை கழிவ எல்லாம் அடிச்சுட்டு வந்து வெள்ளம் வரும்போது கரைல படிய விட்டுட்டு போகுது, அதனால ஆத்துக்கு கிட்ட தாழ்வா இருக்கற எடத்துல ஸிங்க் ஜாஸ்தி, தள்ளிப் போகப்போக கம்மி. அதாவது மண்ணுல ஏன் இந்த நம்பர் இருக்குங்கறதுக்கு ஒரு காரணம் கண்ணுக்கு தெரியுது. பழகறதுக்கு இத விட நல்ல டேட்டா கிடைக்காது.

சாஃப்ட்வேருக்கு காசு செலவு பண்ண வேணாம். ஆர் (R)ங்கற ஃப்ரீ புள்ளியியல் சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணுங்க, அதோட எஸ்பி (sp) பேக்கேஜுக்குள்ளயே மியூஸ் டேட்டா இருக்கு, கிரிகிங் (டேட்டாவ வச்சே வெயிட் முடிவு பண்ற இன்டர்பொலேஷன் முறை) பண்றதுக்கு ஜிஸ்டாட் (gstat) பேக்கேஜ். லேப் சிஸ்டம் பழசா இருந்தா போசிட் க்ளவுட்ல ப்ரௌசர்லயே ஓட்டலாம், இந்த சைஸ் டேட்டாவுக்கு ஃப்ரீ அக்கவுண்ட்டே தாராளம். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, நெட்ல கிடைக்கற பாதி டுட்டோரியல் பழசு, அதுல ஆர்ஜிடால் (rgdal), மேப்டூல்ஸ்னு (maptools) பேக்கேஜ் போட சொல்வாங்க, அதெல்லாம் 2023 அக்டோபர்லயே ரிட்டயர் ஆயிடுச்சு. இன்ஸ்டால் ஆகலன்னு மண்டைய ஒடச்சுக்காதீங்க, அந்த வேலைக்கெல்லாம் இப்ப எஸ்எஃப் (sf) பேக்கேஜ்தான். பைத்தான்தான் வரும்னா பைகிரிஜ் (PyKrige) இருக்கு, ஆனா வேரியோகிராம (தூரம் கூடக்கூட மதிப்பு எவ்ளோ மாறுதுன்னு காட்டற படம்) கண்ணால பாத்து பாத்து மாத்தறதுக்கு எனக்கு ஆர்தான் தோது.

லெக்சரர்களுக்கு: கம்ப்யூட்டர ஆன் பண்றதுக்கு முன்னாடி போர்டுல ஒரு கணக்கு போட வைங்க. தெரியாத ஒரு புள்ளி, அதுலேருந்து 100, 200, 400 மீட்டர்ல மூணு சாம்பிள், மதிப்பு 800, 400, 200. தூரத்தோட வர்க்கத்துக்கு தலைகீழா வெயிட் குடுத்தா 16, 4, 1ன்னு வரும், 800ஐ 16ஆல, 400ஐ 4ஆல பெருக்கி 200ஐயும் கூட்டி 21ஆல வகுத்தா சுமார் 695. இதுதான் ஐடிடபிள்யூ (IDW, தூரத்துக்கு தலைகீழா வெயிட் குடுக்கற முறை), க்யூஜிஐஎஸ் பட்டன் உள்ள பண்றதும் இதையேதான். இப்ப பசங்கள கேளுங்க, வர்க்கம்னு யார் சொன்னா, ஏன் கனம் கெடயாது? யாரும் சொல்லல, நாமளா வச்சுக்கிட்டது. கிளாஸ்ல இந்த எடத்துல ஒரு நிமிஷம் அமைதியாகும், அதுக்கப்புறம் கிரிகிங் சொல்லிக்குடுத்தா மண்டைல நிக்கும்.

ஏன்னா கிரிகிங் அந்த கேள்வியத்தான் டேட்டாகிட்டயே கேக்குது. தென்னாப்பிரிக்கா விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கத்துல டேனி கிரிகேங்கற இஞ்சினியர் சாம்பிள வச்சு பாறைல தங்கம் எவ்ளோன்னு கணிக்க 1951ல எழுதின தீசிஸ்லேருந்து தொடங்கினது, அப்புறம் பிரான்ஸ்ல ஜார்ஜ் மாதெரான் அத முழு தியரியா ஆக்கினார். வரலாறு இவ்ளோ போதும், வேலைக்கு வருவோம்.

மியூஸ்ல ஸிங்க்கோட ஹிஸ்டோகிராம் போட்டு பாருங்க. குறைஞ்சது 113, அதிகபட்சம் 1839 பிபிஎம், நடு மதிப்பு 326 ஆனா சராசரி 470 பக்கம். வலது பக்கம் வால் நீண்டு கெடக்கு. இத அப்படியே போட்டா ஆத்தங்கரை நாலஞ்சு பெரிய நம்பர் மொத்த கணக்கையும் ஆட்டி வச்சுரும், அதனால லாக் எடுத்துக்கோங்க. மண்ணுல உலோகம், உப்பு, ஆர்கானிக் கார்பன்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பிஎச்சுக்கு மட்டும் லாக் எடுக்காதீங்க, அது ஏற்கனவே லாக்தான்.

அடுத்தது வேரியோகிராம், அதிக நேரம் செலவு பண்ண வேண்டியது இங்கதான். 155 பாயிண்ட்ட ரெண்டு ரெண்டா ஜோடி சேத்தா 11,935 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் தூரம் எவ்ளோ, மதிப்புல வித்தியாசம் எவ்ளோன்னு பாத்து, வித்தியாசத்த வர்க்கப்படுத்தி, தூரம் வாரியா கட்டு கட்டி சராசரி எடுத்து பாதியாக்கினா அதான் வேரியோகிராம். ஜிஸ்டாட் எல்லா ஜோடியையும் எடுத்துக்காது, ஏரியாவோட மூலைக்கு மூலை தூரத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும்தான் பாக்கும், மியூஸ்ல அது சுமார் 1600 மீட்டர். முதல் கட்டுல 57 ஜோடிதான் இருக்கும், அடுத்ததுல 299. அந்த ஜோடி எண்ணிக்கைய ப்ளாட்லயே காட்ட சொல்லுங்க, ஏன்னா கிட்ட இருக்கற ஜோடி கம்மியா இருந்தா கோடு எங்கேருந்து கெளம்புதுங்கறதே ஆட்டம் காணும்.

அந்த புள்ளிங்க மேல ஸ்ஃபெரிக்கல் மாடல (ஏறிட்டே போய் ஒரு தூரத்துக்கப்புறம் சமமாகற வளைகோடு) பொருத்தினா நக்கெட் (கோடு கெளம்பற உயரம்) 0.05, அதுக்கு மேல இருக்கற பகுதி (psill) 0.59, ரேஞ்ச் 897 மீட்டர்னு வரணும். உங்க ஸ்க்ரீன்லயும் இதே வந்தா நீங்க சரியா பண்ணிருக்கீங்கன்னு அர்த்தம், தெரிஞ்ச டேட்டால பழகறதோட லாபமே இதான். இப்ப இத வாசிக்க கத்துக்கோங்க. 897 மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கற சாம்பிளுக்கும் இங்க இருக்கற மண்ணுக்கும் சம்பந்தம் இல்ல. நக்கெட்டுங்கறது ஒட்டி ஒட்டி எடுத்த ரெண்டு சாம்பிளுக்கு நடுவுலயும் இருக்கற வித்தியாசம், லேப் பிழையும் அதுலதான் ஒளிஞ்சிருக்கும். மொத்தம் 0.64ல நக்கெட் 0.05ங்கறது ரொம்ப நல்ல டேட்டா. உங்க வயல்ல நக்கெட் மொத்தத்துல முக்கால்வாசி வந்துச்சுன்னா மேப் போடாதீங்க, சராசரிய எழுதிட்டு போங்க, அது ஒண்ணும் கேவலம் இல்ல. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறது மண்ணுக்கு எப்பவும் செல்லாது, எவ்ளோ தூரத்துக்கு செல்லும்னு வேரியோகிராம்தான் சொல்லணும்.

இதுக்கப்புறம் கிரிக் பண்றது ஒரே வரி கமாண்ட். 40 மீட்டர் கட்டமா 3103 செல் உள்ள கிரிட் டேட்டாவோடயே வருது, அதுல போட்டா மேப் ரெடி. லாக்ல வந்த விடைய எக்ஸ்போனென்ஷியல் எடுத்து திருப்பினா கிடைக்கறது சராசரி இல்ல, நடு மதிப்பு, சராசரி அத விட ஜாஸ்தியா இருக்கும், இத தீசிஸ்ல ஒரு வரி எழுதிடுங்க. அப்புறம் ஆத்துலேருந்து இருக்கற தூரத்தோட வர்க்கமூலத்த மாடலுக்குள்ள குடுத்து திரும்ப வேரியோகிராம் போட்டு பாருங்க, மொத்த வேறுபாடு 0.64லேருந்து 0.23 பக்கம் எறங்கிடும். வெள்ளம் கொண்டு வந்த கழிவுங்கற அந்த கதைய மாடலே ஒத்துக்குது. கிளாஸ்ல பசங்க நிமிந்து உக்கார்றது பெரும்பாலும் இங்கதான்.

செக் பண்றது எப்படின்னா, அதே பாயிண்ட்டுல மேப் என்ன சொல்லுதுன்னு பாக்காதீங்க, கிரிகிங் சாம்பிள் இருந்த எடத்துல அதே சாம்பிள் மதிப்பத்தான் திருப்பிக் குடுக்கும், நூத்துக்கு நூறு வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டுராதீங்க. ஒவ்வொரு பாயிண்ட்டா மறச்சு வச்சு மத்த 154 வச்சு கணிக்கணும், ஜிஸ்டாட்ல க்ராஸ் வேலிடேஷனுக்கு தனி கமாண்ட் இருக்கு. கிளாஸ்னா இன்னும் சுவாரசியமா பண்ணலாம், 30 பாயிண்ட்ட லெக்சரர் கைல வச்சுக்கிட்டு மிச்சத்த குடுத்து, கடைசில யாரோட மேப் கிட்ட வந்துச்சுன்னு பாருங்க. வேரியன்ஸ் மேப்பையும் பக்கத்துலயே போடுங்க, சாம்பிள் இல்லாத மூலைல பிழை எப்படி ஏறுதுன்னு அதுல தெரியும். எக்ஸ்டர்னல் கேட்ட கேள்விக்கு பதிலும் அந்த ரெண்டாவது மேப்தான்.

மியூஸ் கைக்கு வந்துருச்சுன்னா அடுத்தது சாயில்கிரிட்ஸ் (SoilGrids)ங்கற உலக மண் மேப். வாகனிங்கன்ல இருக்கற ஐஎஸ்ஆர்ஐசி நிறுவனம் வெளியிடறது, உலகம் முழுசுக்கும் 250 மீட்டர் பிக்சல், 2 மீட்டர் ஆழம் வரைக்கும் ஆறு அடுக்கு, ஃப்ரீ. எறக்கின உடனே ரெண்டு மூணு எடத்துல மாட்டுவீங்க. யூனிட்தான் முதல்ல: பிஎச் 65ன்னு இருந்தா 6.5, களிமண் 350ன்னா 35 சதவீதம், ஆர்கானிக் கார்பன் 120ன்னா கிலோவுக்கு 12 கிராம், அதாவது 1.2 சதவீதம். ப்ரொஜெக்‌ஷன் (உருண்ட பூமிய தட்டையா விரிக்கற முறை) ஹோமோலொசைன், உங்க லேயரோட ஒக்கலன்னா காரணம் அதுதான். 250 மீட்டர் பிக்சல்னா ஆறேகால் ஹெக்டேர், நம்ம கணக்குல பதினஞ்சு ஏக்கருக்கு மேல, ரெண்டு ஏக்கர் தோட்டத்துக்கு இத வச்சு உரம் சிபாரிசு பண்றது அநியாயம்.

இத விட பெரிய தப்பு ஒண்ணு பேப்பர்கள்ல அடிக்கடி கண்ல படுது. சாயில்கிரிட்ஸ் யாரும் அளந்தது இல்ல, உலகம் பூரா சுமார் 2,40,000 எடத்து மண் விவரத்தையும் சாட்டிலைட், தட்பவெப்பம், மேடு பள்ளம்னு லேயர்களையும் வச்சு ரேண்டம் ஃபாரஸ்ட்ங்கற மெஷின் லேர்னிங் மாடல் கணிச்சது. அந்த கணிப்புலேருந்து ஆயிரம் பிக்சல் எடுத்து, அத "டேட்டா"ன்னு வச்சுக்கிட்டு, அதே மாதிரி சாட்டிலைட் லேயர வச்சு இன்னொரு ரேண்டம் ஃபாரஸ்ட் ஓட்டி ஆர் ஸ்கொயர் (R², கணிப்பு எவ்ளோ பொருந்துதுங்கற அளவு) பிரமாதம்னு எழுதறாங்க. ஒரு மாடல் எழுதினத இன்னொரு மாடல் காப்பி அடிச்சது, அவ்ளோதான். சாயில்கிரிட்ஸ உள்ள குடுக்கற லேயரா வச்சுக்கோங்க, இல்ல உங்க சாம்பிளோட ஒப்பிட்டு பாருங்க, உண்மைன்னு வச்சு பயிற்சி குடுக்காதீங்க. சராசரி லேயரோட சேத்து 5, 95 சதவீத குவான்டைல் (கணிப்போட கீழ் எல்லை, மேல் எல்லை) லேயரும் எறக்குங்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எடவெளிய பாத்தாலே சில எடத்துல நம்பிக்க போயிடும்.

இங்க நம்ம ஊர்ல ப்ராஜெக்ட்டுனா பெரும்பாலும் மண்வள அட்டை டேட்டாதான் கைல இருக்கும். 2015ல வந்த திட்டம், 12 அளவீடு இருக்கு, ஆனா சாம்பிள் எடுத்த முறை முக்கியம்: பாசன நிலம்னா 2.5 ஹெக்டேருக்கு ஒண்ணு, மானாவாரின்னா 10 ஹெக்டேருக்கு ஒண்ணு. அதனால ஒரே சாம்பிளோட ரிசல்ட் பக்கத்து பக்கத்து விவசாயிங்க அட்டை எல்லாத்துலயும் இருக்கும். அத தனித்தனி பாயிண்ட்டா போட்டா கிட்ட இருக்கற ஜோடிங்க எல்லாம் வித்தியாசம் பூஜ்யம்னு காட்டி நக்கெட்ட பொய்யா கீழ எறக்கிடும், ஒரே லொக்கேஷன்ல ரெண்டு பாயிண்ட் இருந்தா கிரிகிங் கணக்கே சரியா ஓடாது. முதல்ல ஒரே மாதிரி வரிசைங்கள கண்டுபிடிச்சு ஒண்ணாக்குங்க. சாயில்கிரிட்ஸோட ஒப்பிடறதா இருந்தா அட்டை சாம்பிள் பொதுவா 15 சென்டிமீட்டர் ஆழம், அதனால 0-5 அடுக்குக்கு ஒரு பங்கு, 5-15 அடுக்குக்கு ரெண்டு பங்குன்னு சேத்து மூணால வகுத்துக்கோங்க.

டிகிரில இருக்கற லாங்கிட்யூட், லேட்டிட்யூட்ட மீட்டருக்கு மாத்தாம எதையும் ஆரம்பிக்காதீங்க. 78 டிகிரி கோடு தமிழ்நாட்ட நடுவுல வெட்டுது, கோயம்புத்தூர் யூடிஎம் (UTM, பூமிய 6 டிகிரி ஸோனா பிரிச்சு மீட்டர்ல அளக்கற சிஸ்டம்) 43ல வரும், மதுரை 44ல, ரெண்டு பக்கமும் ஏரியா இருந்தா எதாவது ஒரு ஸோன புடிச்சு மொத்தத்தையும் அதுலயே வைங்க. மியூஸ் கோ-ஆர்டினேட் ஏற்கனவே மீட்டர்ல, டச்சு சிஸ்டம், சாஃப்ட்வேர்ல குடுக்க வேண்டிய கோட் இபிஎஸ்ஜி (EPSG) 28992.