ஜப்பான் சிலந்தி நண்டு: உடலமைப்பில் நாம் செய்யும் தவறுகள்

ஜப்பான் சிலந்தி நண்டை வரைபவர்களும் அதைப் பற்றி எழுதுபவர்களும் முதலில் சறுக்குவது கால் கணக்கில்தான். பெயரில் சிலந்தி இருப்பதால் எட்டுக் கால் என்று முடித்துவிடுகிறார்கள். நடக்கும் கால்கள் நான்கு ஜோடி, சரி. ஆனால் முன்னால் இருக்கும் கொடுக்குகளும் கால்கள்தான். மொத்தம் பத்து. சிலந்திக்கு இல்லாத உணர்கொம்புகளும் இதற்கு உண்டு, அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அளவில் வரும் குழப்பம் இன்னும் பெரியது. ‘3.7 மீட்டர் நண்டு’ என்று படித்ததும் பிரம்மாண்டமான உடம்பைக் கற்பனை செய்துகொள்கிறோம். அந்த 3.7 மீட்டர், இரண்டு கொடுக்குகளையும் விரித்து, நுனிக்கு நுனி அளந்தது. அதுவும் மிகப் பெரிய ஆண் நண்டுகளின் கணக்கு. முதுகு ஓட்டின் அளவு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வரைதான், எடை 19 கிலோ வரை. ஓட்டை வட்டமாகப் போடுவதும் தவறு. பின்பக்கம் உருண்டு, முகத்தை நோக்கிக் குறுகும். மேலே முழுக்க முண்டும் முள்ளுமாக இருக்கும்.

அப்புறம், எல்லா நண்டுக்கும் நீளமான கொடுக்கு போட்டுவிடுவது. வளர்ந்த ஆணுக்குத்தான் கொடுக்கு நடக்கும் கால்களைவிட நீளும். பெண்ணுக்கு அது குட்டை. அடியில் பார்த்தாலும் தெரியும். வயிறு ஒரு மடிப்பாக உடலோடு ஒட்டிக் கிடக்கும், ஆணுக்குக் குறுகலாக, முட்டை சுமக்கும் பெண்ணுக்கு அகலமாக. சந்தையில் நண்டைப் புரட்டிப் பார்த்து வாங்குபவர்களுக்கு இது பழகிய அடையாளம். இந்த வேறுபாட்டைக் காட்டாத படம் என்னைப் பொறுத்தவரை அரைகுறைதான்.

கிங் கிராப் நண்டோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. கிங் கிராபுக்கு வெளியே தெரியும் நடைக்கால்கள் மூன்று ஜோடிதான். கடைசி ஜோடி மிகச் சிறுத்து ஓட்டுக்குள் மடங்கியிருக்கும்.

ஆனால் கால் ஒன்று குறைந்தால் உடனே வேறு இனம் என்று முடிவு கட்டாதீர்கள். நீண்ட, மெல்லிய கால்கள் என்பதால் சிலந்தி நண்டுகள் அடிக்கடி கால்களை இழக்கின்றன. சில கால்கள் இல்லாமலும் வாழும். ஓடு கழற்றும்போது இழந்த கால் மறுபடி முளைக்கும், முதலில் சிறிதாக. அதனால் இடமும் வலமும் சமமில்லாத நண்டைப் பார்த்தால் உங்கள் படத்தை ‘திருத்த’ வேண்டாம், அப்படியே வரையுங்கள்.