ஜமைக்கா சமையலில் நம் கைப்பழக்கம் கெடுக்கும் இடங்கள்

கனடாவின் ஸ்காபரோவில் தமிழ்க் கடையும் ஜமைக்கா கடையும் பல இடங்களில் ஒரே தொகுதியில்தான் இருக்கின்றன. ஒன்றில் கறிவேப்பிலையும் மற்றதில் தைம் என்ற வாசனை இலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அப்படி ஆசைப்பட்டு வரும் சிலருக்கு வார இறுதிகளில் சமைத்துக் காட்டுகிறேன். நான் ஆரம்பத்தில் விட்ட பிழைகளையே அவர்களும் வரிசையாக விடுகிறார்கள்.

கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். தெரியாத பொருளில் அவர்கள் அதிகம் பிழை விடுவதில்லை. அதைக் கண்டால் பயந்து, கேட்டுக் கேட்டுச் செய்கிறார்கள். தேங்காய்ப்பால், ஆட்டிறைச்சி, கறித்தூள், கீரை எல்லாம் பழகிய பொருள்கள். அங்கேதான் கை தன்பாட்டுக்கு ஓடிவிடுகிறது. உப்புக் கூடுவது, கோழி வேகாமல் போவது, இறைச்சியை ஊறவைக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை எந்த ஊர்ச் சமையலிலும் நடப்பவை.

அக்கியைக் கிளறுவது

என்னை இன்னமும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். காசும் அதிகம் வீணாவது இதில்தான்.

ஜமைக்காவின் தேசிய உணவு அக்கியும் உப்புமீனும். அக்கி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஜமைக்காவுக்கு வந்த மரம். றம்புட்டான், லிச்சி குடும்பத்தைச் சேர்ந்தது. சிவந்த பழம் பழுத்ததும் தானாக வெடித்து வாய் திறக்கும். உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகள், ஒவ்வொரு விதையோடும் ஒட்டிக்கொண்டு வெளிர்மஞ்சள் சதை. உண்பது அந்தச் சதையை மட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் யாராவது ஒருவர், "பார்வைக்குக் கிளறிய முட்டை மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருப்பார். எல்லா வீடியோக்களிலும் இதே வசனம்தான். பார்வைக்கு உண்மைதான். ஆனால் முட்டை என்று காதில் விழுந்ததுமே கை அகப்பையைத் தேடுகிறது. டின்னைத் திறந்து சட்டியில் கொட்டி, உப்புநீரோடு சேர்த்து, பெரிய தீயில் வறட்டு வறட்டென்று கிளறுகிறார்கள். முட்டை கிளறக் கிளற இறுகும். அக்கி அப்படியல்ல. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது; வெண்ணெய்ப்பதத்தில் இருக்கும். கிளறினால் உடையும், இன்னும் கிளறினால் பசையாகும். அதன்பின் அதைத் திருத்த வழியே கிடையாது.

ஒருமுறை தெரிந்த குடும்பத்திலிருந்து காலையிலேயே தொலைபேசி. ஜமைக்கா மருமகனுக்குப் பிறந்தநாள். அவர் எழும்ப முன்னம் அவருடைய ஊர்க் காலைச் சாப்பாட்டைச் செய்து வைக்கலாம் என்று மாமியார் டின்களை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துப் பெரிய தாச்சியில் கொட்டி, சுறா வறை செய்யும் வேகத்தில் கிளறியிருக்கிறார். "தம்பி, களி மாதிரி வந்திட்டுது. இனி என்ன செய்யலாம்?" என்றார். "ஒன்றும் செய்ய ஏலாது அன்ரி, பாணுக்குள் வைத்துச் சாப்பிடுங்கோ" என்றேன். இங்கே ஒரு டின் அக்கியின் விலைக்கு ஒரு முழுக்கோழியே வாங்கிவிடலாம். அவர் எத்தனை டின் உடைத்தார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. மருமகன் நல்ல பிள்ளை, பேசாமல் சாப்பிட்டாராம்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் டின்னைத் திறந்து அரிதட்டில் மெதுவாகச் சரியுங்கள். குழாய்த் தண்ணீரை மெல்லியதாக விட்டு ஒருமுறை அலசி, நீர் வடிய விட்டுவிடுங்கள். அதைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் முடியுங்கள். எண்ணெயில் வெங்காயம், உள்ளி, வெங்காயத்தாள், தைம், குடைமிளகாய், தக்காளி. அவை வதங்கியதும் உதிர்த்த உப்புமீன். மீன் சூடேறி எல்லாம் சேர்ந்து மணக்கும்போது தீயைக் குறைத்து, அக்கியை மேலே பரவலாக வையுங்கள். கொஞ்சம் மிளகுத்தூள் தூவி மூடி, இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அப்புறம் தட்டையான அகப்பையை அடியில் விட்டு ஒன்றிரண்டு தடவை தூக்கிப் புரட்டினால் போதும், அல்லது சட்டியைப் பிடித்து ஒரு குலுக்கு. உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், பெரும்பாலும் தேவைப்படாது. துண்டுகள் முழுசாக, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உதிர்ந்து இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

உப்புமீனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது கருவாடு அல்ல. நேரே எண்ணெயில் போட்டுப் பொரிக்கக் கூடாது. உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றி அவிக்க வேண்டும். அவித்த பிறகு ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பாருங்கள். உப்புத் தூக்கலாக இருந்தால் இன்னொரு தண்ணீர். ஆனால் உப்பு முழுக்கப் போகும்வரை அவிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மிஞ்சுவது நார்தான். அக்கிக்கு உப்பு கொடுப்பதே மீன்தான்.

இனி, பயப்பட வேண்டிய விஷயம். யாராவது பயணம் போய் வரும்போது பச்சை அக்கிப் பழம் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். பழுக்காத அக்கியில் ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு இருக்கிறது. அது இரத்தத்தில் சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கும். கடும் வாந்தி வரும், உயிரும் போகும். மரத்திலேயே தானாக வாய் திறந்த பழத்தைத்தான் பறிக்க வேண்டும். கத்தியால் பிளந்தோ வீட்டில் வைத்தோ பழுக்க வைக்கக் கூடாது. பழுத்ததிலும் விதையையும் உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பு நாரையும் நீக்கி, அவித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அமெரிக்கா 1973இல் அக்கி இறக்குமதியை நிறுத்தி, 2000இல்தான் அனுமதி பெற்ற தொழிற்சாலைகளிலிருந்து வருவதை மட்டும் உள்ளே விட்டது. ஜமைக்காவில் பிள்ளைப்பருவத்திலிருந்தே மரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த வேலை. நமக்கு டின் போதும்.

ஸ்காட்ச் பானெட்டை அரிந்து போடுவது

மிளகாயைக் கண்டால் நமக்கு அரியாமல் இருக்க முடியாது. அதுவும் "எங்களுக்குக் காரம் பழக்கம்தானே" என்ற வீறாப்பு வேறு. ஸ்காட்ச் பானெட் பச்சை மிளகாயைவிடப் பல மடங்கு காரம். ஆனால் சோறு, சூப், கீரை போன்றவற்றில் அதைப் போடுவது பெரும்பாலும் வாசத்துக்காக. காம்போடு முழுசாக மேலே மிதக்க விட்டு, வெந்ததும் அப்படியே தூக்கி எடுத்துவிடுவார்கள். பழவாசம் இறங்கும், காரம் லேசாகத்தான் தெரியும். எடுக்க முன்னம் கிளறினால் மிளகாய் உடைந்து பானை முழுக்க நெருப்பாகும்.

கிடைக்காவிட்டால் ஹபனேரோ போடலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு நை மிரிஸ் இருக்கிறது. அதுவும் இதே இனம், வாசமும் கிட்டத்தட்ட அதேதான். சாதாரணப் பச்சை மிளகாய் காரத்தைத் தரும், அந்த வாசத்தைத் தராது.

பயற்றஞ்சோற்றை வடிப்பது

ஜமைக்காவின் ‘ரைஸ் அண்ட் பீஸ்’, ஞாயிற்றுக்கிழமைச் சோறு இது. வழக்கமாகச் சிவப்புக் காராமணி அளவிலான பயறு அல்ல, பெரிய சிவப்பு ராஜ்மா போடுவார்கள். கிறிஸ்மஸ் காலத்தில் பச்சைத் துவரை. ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து அவிக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கலக்கும். அவித்த தண்ணீரைக் கொட்டக் கூடாது. சோற்றின் நிறமும் பாதி ருசியும் அதில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரோடு தேங்காய்ப்பால், தைம், வெங்காயத்தாள், உள்ளி, நாலைந்து பிமென்டோ (ஆல்ஸ்பைஸ்) மணி, மேலே முழு மிளகாய். கொதித்ததும் கழுவிய அரிசியைப் போட்டு, தீயை நன்றாகக் குறைத்து, இறுக மூடிவிடுங்கள். தண்ணீரை அளந்து வைப்பதால் வடிக்க ஒன்றும் இருக்காது. பலர் அரிசியைத் தனியே வடித்துவிட்டு, ராஜ்மாவைத் தேங்காய்ப்பாலில் கலந்து மேலே ஊற்றுகிறார்கள். அது வேறு சாப்பாடு.

பிமென்டோவுக்குப் பதில் கரம் மசாலா

வேண்டாம். பிமென்டோ என்பது ஒரே மரத்தின் காய்ந்த காய். கடையில் ஆல்ஸ்பைஸ் என்று கேளுங்கள். தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் சர்வசுகந்தி என்ற பெயரில் இந்த மரக்கன்றை விற்கிறார்கள்.

ஆட்டுக்கறியில் வறுத்த தூள்

1845 மே 10 அன்று ஜமைக்காவின் ஓல்ட் ஹார்பர் குடாவில் இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் வந்தது. அதிலிருந்து 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கென்று 36,000க்கு மேற்பட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். மதராஸ் பக்கத்திலிருந்தும் சிலர் போயிருக்கிறார்கள். ஆட்டுக்கறி ஜமைக்காவுக்குப் போனது அவர்களோடுதான். இதைச் சொன்னதும், "அப்ப எங்கட கறிதானே அண்ணை?" என்று யாழ்ப்பாணத் தூளை எடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

நம்முடைய கறியாக இருந்தது அங்கே போய் நூறு வருடத்துக்கு மேலாக வேறொன்றாக வளர்ந்துவிட்டது. ஜமைக்காக் கறித்தூளில் மஞ்சள்தான் தூக்கல். மல்லி, வெந்தயம், சீரகம், பிமென்டோ இருக்கும். செத்தல் மிளகாய்க்கு அதில் பெரிய வேலை இல்லை. காரத்தை ஸ்காட்ச் பானெட் பார்த்துக்கொள்ளும். வறுத்த தூளைப் போட்டால் கறி கறுத்து, தைமின் வாசம் அமுங்கிப் போய்விடும். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது உங்கள் அம்மாவின் கறி.

இரண்டாவது பிழை, தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது. அங்கே சூடான எண்ணெயில் தூளைப் போட்டு, நிறம் ஒரு படி இருண்டு வாசம் கிளம்பும்வரை பிரட்டி, உடனே ஊறவைத்த இறைச்சியைப் போடுவார்கள். சில நொடி தாமதித்தாலும் கசக்கும், எனவே இறைச்சிக் கிண்ணம் பக்கத்திலேயே இருக்கட்டும். குழம்பு தடிக்க உருளைக்கிழங்கு போதும். தேங்காய்த்துருவல், கசகசா, முந்திரி எதையும் அரைத்து ஊற்ற வேண்டாம்.

தேங்காய்ப்பால் திரியும் என்று பயப்படுவது

முதற்பால் விட்ட பிறகு கொதிக்க விடாதே என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே ஏறிய பாடம். ரன் டவுன் என்ற மீன் குழம்பில் அந்தப் பாடத்தை மறந்துவிட வேண்டும். கெட்டிப்பாலைக் கொதிக்க விட்டு, அது திரண்டு எண்ணெய் பிரியும்வரை விட்ட பிறகுதான் உப்புக் கானாங்கெளுத்தியும் வெங்காயமும் தக்காளியும் தைமும் போகும். பால் வெள்ளையாக இருக்கும்போதே அடுப்பை அணைப்பவர்களின் குழம்பு சொதிதான்.

கலலூவுக்குச் சேம்பிலை

இணையத்தில் கலலூ என்று தேடினால் டிரினிடாட் செய்முறைகளும் கலந்து வரும். அங்கே அது சேம்பிலையில் செய்யும் குழம்பு. ஜமைக்காவில் அது தண்டுக்கீரை வகை, நம் குப்பைக்கீரையேதான். தமிழ்க் கடைக் கீரைக்கட்டு தாராளமாகப் போதும். செய்முறையைக் குழப்பி, சேம்பிலையைக் கீரை வேகும் நேரத்துக்கு மட்டும் வேகவிட்டால் தொண்டை அரிப்பதுதான் மிச்சம். கீரைக்குத் தண்ணீர் விட வேண்டாம், தேங்காய்ப்பூவும் வேண்டாம்.

ஜெர்க் கோழிக்குத் தயிர்

தயிர் தந்தூரிக்கு. போர்ட்லண்ட் பகுதியின் பாஸ்டன் பேயில் பிமென்டோ விறகின் மேல் மெதுவாக வாட்டிய இறைச்சிதான் ஜெர்க்கின் இலக்கணம். அந்த விறகு நமக்குக் கிடைப்பது கஷ்டம். கரி அடுப்பில் ஊறவைத்த பிமென்டோ மணிகளைத் தூவி, மூடி போட்டு வாட்டினால் அந்தப் புகையில் கொஞ்சமாவது வரும். வாட்ட முன்னம் மேலே அப்பியிருக்கும் வெங்காயத்தாள் சக்கையை வழித்துவிடுங்கள். அதுதான் முதலில் கருகும்.

எஸ்கோவிச் மீனுக்கு எலுமிச்சை

வினாகிரி. எஸ்கோவிச் என்பது பொரித்த மீன், அதன் மேல் ஊற்றும் புளிப்பு இதுதான்.

சீனி கருகியும் கோழியைப் போடுவது

பிரவுன் ஸ்டூ கோழிக்குச் சிலர் எண்ணெயில் சீனியைக் காய்ச்சி நிறம் எடுப்பார்கள். நுரைத்து, பழுத்த தேக்கு நிறம் வந்த நொடியில் கோழி உள்ளே போக வேண்டும். கறுப்புப் புகை கிளம்பிவிட்டால், "பரவாயில்லை, மசாலா மறைத்துவிடும்" என்று சமாளிக்கப் பார்க்காதீர்கள். எந்த மசாலாவும் அந்தக் கசப்பை மறைக்காது. சட்டி ஆறிய பிறகு கொட்டிக் கழுவிவிட்டு, இன்னொரு கரண்டி சீனியோடு திரும்பத் தொடங்குங்கள். கோழி இன்னும் கிண்ணத்தில்தானே இருக்கிறது.