‘சொறியாதே’ என்று சொல்லாமல் சொறிவதைக் குறைப்பது எப்படி?

எக்ஸிமா என்கிற கரப்பான் வந்த குழந்தை வீட்டில் ஓயாமல் கேட்கும் வார்த்தை ‘சொறியாதே’. அது பலிப்பதில்லை. அடக்கச் சொல்லச் சொல்லக் குழந்தையின் நினைப்பெல்லாம் அரிப்பிலேயே போய் நிற்கும். சொறிந்தால் அம்மா ஓடி வருவாள் என்பதும் அதற்குப் பழகிப்போகும். சொறியச் சொறியத் தோல் தடிக்கிறது. தடித்த தோல் இன்னும் அரிக்கிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் அஸ்ரினும் நன்னும் 1973-இல் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சி இங்கே கைகொடுக்கும். களிம்புக்குப் பதிலாக அல்ல, களிம்போடு சேர்த்து.

ஏழெட்டு வயதுப் பிள்ளை என்றால் முதல் வாரம் எண்ணினால் மட்டும் போதும். ஜபம் எண்ண விரலில் மாட்டும் கவுண்டர் ஒன்று வாங்குங்கள். சொறியும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்து. இரவில் எண்ணிக்கையை நோட்டில் குறியுங்கள். எண் கூடினால் முகம் சுளிக்காதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் பிள்ளை கவுண்டரை அழுத்துவதைத்தான் நிறுத்தும், சொறிவதை அல்ல. கை எப்போது போகிறது என்பது வார முடிவில் தெரிந்துவிடும்: டிவி முன்னால், வீட்டுப்பாடத்தின்போது, பள்ளி விட்டு வந்து சாக்ஸைக் கழற்றியதும்.

அடுத்த வாரம், கை போகப்போகிறது என்று தோன்றியதும் இரு கைகளையும் இறுக மூடி 30 வரை எண்ணச் சொல்லுங்கள். பிறகும் அரித்தால் அந்த இடத்தில் நகத்தை மெல்ல அழுத்தி வைக்கலாம், இழுக்கக் கூடாது. தோலைக் கிழிப்பது அந்த இழுப்புதான். தோல் ஆறியது போலத் தெரிந்தாலும் சில வாரம் தொடருங்கள்.

சின்னக் குழந்தைக்கு இதெல்லாம் புரியாது. கை சும்மா இருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருங்கள். சொறிய ஆரம்பித்தால் ஒன்றும் சொல்லாமல் ஒரு சப்பாத்தி மாவு உருண்டையைக் கையில் கொடுங்கள். உருட்டி விளையாடும்போது தாராளமாகப் பாராட்டுங்கள்.

களிம்பு பூசுவது பல வீடுகளில் தினசரிப் போராட்டம். ‘பூசலாமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’தான் பதில். ‘முதல்ல கையா, காலா?’ என்று கேளுங்கள். ஸ்டீராய்டு களிம்பைப் பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களோடு சேர்த்து) அகலத் தோலுக்கு அது போதும். பயந்து கொஞ்சமாகத் தொட்டு வைத்தால் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும். மாய்ஸ்சரைசர் உடல் முழுக்கப் பூச வாரம் 250 கிராமாவது வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்துப் பூசினால் அரிப்பும் தணியும்.

‘இது ஒட்டிக்குமா?’ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். ‘இது எக்ஸிமா, ஒட்டாது, அப்பப்ப அரிக்கும்’ என்ற பதிலை, அப்பாவைத் தோழனாக்கி வீட்டிலேயே நாலு முறை சொல்லிப் பழகட்டும். ‘கத்தரிக்காய் கொடுத்தியா?’ என்று அம்மாவைக் குற்றவாளியாக்கும் உறவினருக்கு அப்பாவே பதில் சொல்லட்டும். இரவில் விழிப்பதையும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். தூக்கமில்லாத தாயிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம்.

பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தாலோ, விளையாட்டை விட்டு ஒதுங்கினாலோ குழந்தை உளவியலாளரைப் பாருங்கள். வலியோடு கொத்தாகக் கொப்புளங்கள், சீழ், காய்ச்சல் என்று எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.