“குட்டியா ஒரு நாடகம் சொல்லுங்கண்ணே”: பரிந்துரைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிகளில் கலைவிழா சீசன் தொடங்கிவிட்டால் என் போன் ஓயாது. “அண்ணே, பத்து நிமிஷத்துல முடியிற மாதிரி ஒரு நாடகம் சொல்லுங்கண்ணே. புது ஆளு எழுதினதா இருக்கணும்.” பல வருடமாக இதே கேள்விதான். இப்போது என்னிடம் ஒத்திகைக்கு வந்து போன பிள்ளைகளே அடுத்த செட்டுக்கு நாடகம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் நான் விழுந்த அதே குழிகளில் இடம் பார்த்து விழுகிறார்கள். படிக்காமலே பரிந்துரைப்பது, ஆசிரியர் பெயரை மாற்றிச் சொல்வது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை சபையில் மாட்டிக்கொண்டால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

பக்கத்தை எண்ணி நேரம் சொல்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பாதி எரிச்சல் என் மேலேயே.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது சினிமாக்காரர்களின் கணக்கு. மேடையில் அது நிற்காது. அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் ஐவ்ஸின் ‘ஷ்யூர் திங்’ (1988) என்ற குறுநாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காபிக் கடையில் ஒரு பெண் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் வந்து எதிர் நாற்காலி காலியா என்று கேட்கிறான். இருவரில் யார் சொதப்பினாலும் ஒரு மணி அடிக்கும், பேச்சு கொஞ்சம் பின்னால் போய் மறுபடி தொடங்கும். இரண்டு நடிகர்கள், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மணி. கல்லூரி மேடைக்கென்றே செய்தது போல இருக்கும்.

நான் அதைப் பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் படித்துச் சிரித்துவிட்டு, “எட்டு நிமிஷம்தாம்பா, தைரியமா எடு” என்று ஒரு குழுவுக்குச் சொன்னேன். அவர்களே தமிழில் பெயர்த்தார்கள். அங்கேதான் நேரம் வீங்கத் தொடங்கியது. ஆங்கிலத்தில் நான்கு சொல்லில் முடிகிற கேள்வி, “தப்பா எடுத்துக்காதீங்க, இந்த சேருக்கு யாராச்சும் வர்றாங்களா?” என்று நீண்டது. அடுத்தது மரியாதைப் பிரச்சினை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ‘யூ’தான். தமிழில் அவன் எந்த இடத்தில் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்குவான்? மணி அடித்ததும் திரும்ப ‘நீங்க’வுக்கு ஏற வேண்டுமா? ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே சண்டை. கடைசியில், அவசரப்பட்டு ‘நீ’ என்றாலும் மணி அடிக்கும் என்று வைத்தோம். ஆசிரியர் எழுதாத மணியை நாங்களாக அடித்துக்கொண்டோம். ஒத்திகையில் அதற்குத்தான் பெரிய சிரிப்பு. சிரிப்பு அடங்கும்வரை நடிகர்கள் காத்திருக்க வேண்டுமே, அந்த நேரத்தையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

போட்டி நாளன்று எட்டாவது நிமிடத்தில் நடுவர்கள் எச்சரிக்கை மணி அடித்தார்கள். மேடையிலிருந்த பெண் அதை நாடகத்தின் மணி என்று நினைத்து, “இந்த சேருக்கு யாராச்சும் வர்றாங்களா?” என்ற கேள்விக்கான முதல் பதிலுக்கே போய்விட்டாள். பையன் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தான். அரங்கமே கைதட்டியது, அதுவும் நாடகம்தான் என்று நினைத்து. பத்தாவது நிமிடத்தில் திரை இறங்கியது. இருவரும் சேர்ந்து கிளம்புகிற முடிவு யாருக்கும் தெரியாமலே போனது. மூன்று வார ஒத்திகை, வேன் வாடகை அவர்கள் கைக்காசு. திரும்பி வரும்போது அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள்: “அண்ணே, நீங்க ஒரு தடவையாச்சும் வாய்விட்டுப் படிச்சுப் பாத்தீங்களா?”

இல்லை.

சொற்கள் குறைந்தால் நேரம் குறையும் என்பதும் பொய். ஐரிஷ் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் ‘கம் அண்ட் கோ’வில் பேச்சு ஏறத்தாழ 120 சொற்கள்தான். மனதுக்குள் படித்தால் ஒரு நிமிடம். ஆனால் மூன்று பெண்களும் மாறி மாறிக் காலடிச் சத்தமில்லாமல் இருட்டுக்குள் போய்த் திரும்ப வேண்டும், மௌனங்கள் வேறு. நாங்கள் ஆடிப் பார்த்தபோது ஆறு நிமிடத்துக்குக் குறையவில்லை. அவசரப்படுத்தினால் நாடகமே இல்லை. அவருடைய ‘பிரெத்’தில் பேச்சே கிடையாது, அரை நிமிடச் சமாச்சாரம். ஆனால் வெளிச்சம் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். ட்யூப்லைட் சுவிட்சைத் தட்டி அதைச் செய்ய முடியாது.

இப்போதெல்லாம் எழுந்து நின்று, தமிழில், போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, வாய்விட்டுப் படிக்கிறேன். வருகிற நேரத்தோடு கால்பங்கைக் கூட்டித்தான் சொல்கிறேன்.

பெக்கெட்டைச் சமகாலத்தவர் என்பது

அவர் 1989இல் இறந்துவிட்டார்.

நீள நாடகத்திலிருந்து ஒரு காட்சியைக் கிள்ளிக் கொடுப்பது

இதற்குப் பலியாவது பெரும்பாலும் பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலின் ‘லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்’ (2012). ஐம்பதுக்கும் மேற்பட்ட காட்சிகள், நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். சில காட்சிகள் அரை நிமிடம்கூட வராது. பார்த்ததும் பிய்த்தெடுக்கக் கை பரபரக்கும். பகுதிகளின் வரிசையை மாற்றக் கூடாது, ஒரு பகுதிக்குள் காட்சிகளை முன்பின்னாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். அதில் மூன்றை எடுத்து ஒட்டினால் அது நம்முடைய தொகுப்பு, அவருடைய குறுநாடகம் ஆகாது. சர்ச்சிலே வேண்டுமென்றால் அவர் குட்டியாகவே எழுதியவை இருக்கின்றன. ‘வாட் இஃப் இஃப் ஒன்லி’ (2021) இருபது நிமிடத்துக்குள் அடங்கும், பத்து நிமிடத்தில் முடிவதும் உண்டு, அதை அடுத்து சொல்கிறேன்.

அனுமதி

‘செவன் ஜூயிஷ் சில்ட்ரன்’, காசா மீதான இஸ்ரேலின் தாக்குதலையொட்டி 2009இல் சர்ச்சில் எழுதியது. எந்த வசனம் யாருடையது என்று குறிப்பே இல்லை, எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம். உரிமைத்தொகை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் போடக் கூடாது, பாலஸ்தீனர்களின் மருத்துவ உதவிக்கு அரங்கில் பணம் திரட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளைச் சொல்ல மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மற்ற நாடகங்களுக்குக் கடிதம் எழுதித்தான் ஆக வேண்டும். தமிழில் பெயர்ப்பதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். மேலே சொன்ன மணிக்கூத்துக்கு நாங்கள் கேட்கவில்லை. போட்டிதானே, டிக்கெட் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது சமாதானமே இல்லை. அடுத்த வாரம் விழா என்று வருகிறவர்களுக்கு இப்போது நான் வெளிநாட்டு நாடகமே சொல்வதில்லை. பதில் கடிதம் வருவதற்குள் விழா முடிந்து பந்தல் பிரித்திருப்பார்கள்.

கடைசி வரியில் திருப்பம் இருக்கிறது என்பதற்காகப் பரிந்துரைப்பது

ஒத்திகையின் நான்காம் நாளே நடிகர்களுக்குச் சலித்துவிடும்.

தொகுப்பைக் கொடுத்துவிட்டு நழுவுவது

அமெரிக்க நாடகாசிரியர் சூசன் லோரி பார்க்ஸ் 2002 நவம்பர் 13 தொடங்கி ஒரு வருடம், நாளுக்கொரு நாடகம் எழுதினார். தொகுப்பின் பெயரே ‘365 டேஸ்/365 ப்ளேஸ்’. “அதுல எதையாச்சும் எடுத்துக்கோங்க” என்பது பரிந்துரை ஆகாது. பயல்கள் முதல் பத்தைப் படித்துவிட்டு மூடிவைத்துவிடுவார்கள். மூன்றைப் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். நீங்களே மூன்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் படிக்கவில்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஆள் கணக்கு கேட்காமல் சொல்வது

நாடகத்தின் பெயர் வாயில் வருவதற்கு முன்னால் கேட்க வேண்டியது: எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், விடுதியில் மாலை எத்தனை மணிவரை விடுவார்கள். போன வாரம் ஒருவன் கூப்பிட்டான். “நாலு பேருண்ணே. கன்ஃபர்ம்.” கொஞ்சம் பொறுத்து, “ஒருத்தனுக்கு மட்டும் அரியர் எக்ஸாம் இருக்கு, வந்துருவான்னு நினைக்கிறேன்” என்றான்.

மூன்று பேருக்கான நாடகங்களைத் தேட ஆரம்பித்தேன்.