புது பைக் பிடிக்கவில்லையா? விற்பதற்கு முன் பலரும் செய்யும் தவறுகள்

“அண்ணே, வித்துடலாம்னு தோணுது.”

என் சித்தி மகன் இரவு பதினொரு மணிக்கு அழைத்துச் சொன்னது இது. வண்டி வாங்கி இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் 200 சிசி வரை ஓட்டலாம் என்னும் 2பி உரிமத்தை ஓராண்டு வைத்திருந்து, பிறகு 400 சிசி வரைக்குமான 2ஏ தேறி, சேர்த்து வைத்த பணத்தை முன்பணமாகக் கட்டி எடுத்த 400 சிசி பைக். சிராங்கூன் சாலைக் கோயிலில் பூசை போட்டு, சித்தி தன் கையாலேயே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பிய வண்டி. இப்போது மணிக்கட்டு வலிக்கிறதாம், முழங்காலில் அனல் அடிக்கிறதாம், மெதுவாகப் போனால் வெட்டி வெட்டி இழுக்கிறதாம். “பழைய 150 சிசியே சொகமா இருந்துச்சுண்ணே.”

அன்றே விற்கவிடாமல் அவனைப் பிடித்து நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே மனநிலையில் ஒரு பைக்கை நான்காவது மாதமே விற்றேன். பிறகு ஒருநாள் நண்பர் ஒருவரின் அதே மாடலை ஓட்டிப் பார்த்தேன். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே எடை. ஹேண்டிலையும் பின் ஷாக்கையும் தன் உடம்புக்கு ஏற்றபடி அவர் திருத்தி வைத்திருந்தார். ஊபியில் கிளம்பி சாங்கி போய்ச் சேர்வதற்குள் நான் விற்றது நல்ல வண்டி என்று புரிந்துவிட்டது.

புது வண்டி தரும் ஏமாற்றத்தில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கும். உடம்புக்குப் பழகாதது, வண்டியில் சரிசெய்யாமல் விட்டது, உண்மையிலேயே பழுதானது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

முதல் 500 கிலோமீட்டரிலேயே முடிவெடுப்பது

புது இஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு இன்னும் முழுதாகப் படிந்திருக்காது. கியர்ப் பற்கள் தேய்ந்து ஒன்றோடொன்று இணங்கியிருக்காது. பிரேக் பேட் டிஸ்க்கோடு படியாமல் பிடிப்பு மந்தமாக இருக்கும். புது டயரின் மேற்பரப்பும் வழுவழுப்பாகவே இருக்கும். அதனால்தான் ஹோண்டாவின் கையேடுகள் முதல் 500 கிலோமீட்டருக்கு முழு வேகத்தையும் திடீர் பிரேக்கையும் தவிர்க்கச் சொல்கின்றன. யமஹா இந்தப் பழக்கும் காலத்தை 1,600 கிலோமீட்டர் வரை நீட்டுகிறது. பெரும்பாலான வண்டிகளுக்கு 1,000 கிலோமீட்டரில் முதல் சர்விஸ் உண்டு. அதில் பழைய எண்ணெயை மாற்றி, கேபிள், செயின் எல்லாம் திருத்திய பிறகுதான் கியர் ‘டக்’ என்று விழத் தொடங்கும்.

ஈசூனிலிருந்து துவாசுக்கு வேலைக்குப் போகிறவர் இரண்டு வாரத்துக்குள் 500 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவார். வீட்டுக்கும் எம்ஆர்டி நிலையத்துக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே நாளை எண்ணாதீர்கள், கிலோமீட்டரை எண்ணுங்கள். முதல் சர்விஸ் முடிந்து இன்னொரு 500 கிலோமீட்டர் ஓடும்வரை விற்கும் பேச்சே வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். அதுவரை வண்டி இன்னும் வண்டியாகவே ஆகவில்லை என்பது என் கருத்து.

கடையிலிருந்து வந்தபடியே ஓட்டுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஏமாற்றத்தோடு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் வந்தவர்கள்.

பைக் தொழிற்சாலையிலிருந்து ஒரு நடுத்தர உடம்புக்காக அமைக்கப்பட்டு வருகிறது. என் தம்பியின் எடை 94 கிலோ. அவனுக்குப் பின் ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கம் போதவில்லை. பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் லேசானதால்தான் வளைவில் வண்டி அலைவதுபோல் அவனுக்குப் பட்டது. வண்டியோடு வந்த கருவிப் பையிலேயே அதைத் திருப்பும் சாவி இருந்தது. இரண்டு படி ஏற்றியதும் அலைச்சல் அடங்கியது.

மணிக்கட்டு வலிக்கு வேறு காரணம். கிளட்ச், பிரேக் நெம்புகோல்கள் மேல்நோக்கி நின்றன. முன்கையிலிருந்து விரல்வரை ஒரே நேர்க்கோடாக இருக்கும்படி அவற்றைக் கீழே சாய்க்க வேண்டும். திருகைத் தளர்த்தித் திருப்பி மறுபடி இறுக்க ஐந்து நிமிடம் போதும். அதோடு, அவன் உடம்பின் பாரம் முழுவதையும் கையில் தாங்கிக்கொண்டிருந்தான். முழங்காலால் டேங்கைப் பிடிக்கச் சொல்லி ஓட்டுநர் பள்ளியில் அத்தனை முறை கத்தியது இதற்குத்தான்.

வெட்டி இழுத்ததற்குச் செயின் தளர்வும் கிளட்ச் கேபிளும் காரணம். ஹோண்டா வண்டிகள் பலவற்றில் கிளட்ச் நெம்புகோல் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு (free play) இருக்க வேண்டும். அவனுடையதில் அதைவிட அதிகம். கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் மாற்றினால் வண்டி குதிக்கத்தான் செய்யும். டயர்க் காற்றையும் பாருங்கள். செயின் மூடியிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் கையிலோ (ஸ்விங்ஆர்ம்) ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று, வண்டி சூடேறுவதற்கு முன், சொந்த அளவுமானியால் அளந்து பாருங்கள். பெட்ரோல் நிலையத்து மானியை மட்டும் நம்ப வேண்டாம். காற்று கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் தெரியும்.

கியர் மிதியின் உயரத்தையும் பலர் தொடுவதே இல்லை. தடித்த காலணி போட்டு வேலைக்குப் போகிறவருக்கும் மெல்லிய சப்பாத்து போட்டு ஓட்டுகிறவருக்கும் ஒரே உயரம் எப்படிப் பொருந்தும்? பிரேக், செயின் வேலை தெரியாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்யுங்கள், தவறில்லை. நெம்புகோலும் காற்றும் உங்கள் கையிலேயே இருப்பவை.

இந்த ஊர்ச் சாலையை மறந்து வாங்குவது

இங்கே விரைவுச்சாலைகளிலேயே அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். 400 சிசியோ அதற்கு மேலோ வாங்கியவர் தீவு விரைவுச்சாலையில் அந்தச் சக்தியில் பாதியைக்கூடத் தொடமாட்டார். ஆனால் அதன் எடையையும் வெப்பத்தையும் தினமும் சுமப்பார். வெள்ளிக்கிழமை மாலை மலேசியா செல்லும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டர் விசிறி ஓடி, சூடான காற்றைக் காலின் மேல் தள்ளும். அது பழுதல்ல, இஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. தம்பிக்கு அதை விளக்கியதும் அவன் முகத்தில் பாதிக் கவலை போய்விட்டது.

இங்கே வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு பலருக்கும் கிடைப்பதில்லை. காணொளியில் பார்த்தது, கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தது, அவ்வளவுதான். அதனால் முதல் மாத ஏமாற்றம் வந்தால் அது உங்கள் அறியாமை என்று வெட்கப்படத் தேவையில்லை. ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு, எது தொந்தரவு தந்தது? “பிடிக்கவில்லை” என்ற ஒற்றைச் சொல் அப்போதுதான் நான்கைந்து குறைகளாகப் பிரியும். அவற்றில் பாதிக்குத் திருத்தம் இருக்கும்.

ஏமாற்றத்தைப் பணத்தால் மூட முயல்வதும் உண்டு. புது புகைபோக்கி, புது ஹேண்டில், புது சீட் என்று ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி போகும். விதிக்குட்படாத புகைபோக்கி என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் நடவடிக்கையும் வரும், பழுது ஏற்பட்டால் உத்தரவாதத்திலும் சிக்கல் வரும். வண்டியைப் பழகி முடிக்கும்வரை ஒன்றும் மாற்றாதீர்கள்.

கணக்குப் போடாமல் விற்பது

சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுக்கானது, அது வண்டியோடு போகும். ஆனால் வண்டியைப் பதியும்போது கட்டும் கூடுதல் பதிவுக் கட்டணம் அப்படியல்ல. மோட்டார்சைக்கிளின் திறந்த சந்தை மதிப்பில் (இறக்குமதியின்போது சுங்கத்துறை கணிக்கும் விலை) முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000 வெள்ளிக்கு 50 விழுக்காடு, அதற்கு மேல் 100 விழுக்காடு. பதிவை ரத்து செய்யும்போது அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், கார்களுக்கு உள்ள பார்ஃப் கழிவு மோட்டார்சைக்கிள்களுக்குக் கிடையாது. விற்கும்போது அந்தக் கட்டணத்தை வாங்குபவர் மனம்வைத்தால்தான் உண்டு.

கடனில் எடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உதாரணத்துக்கு 12,000 வெள்ளி, முழுக் கடனுக்கும் கணக்கிடும் நிலையான வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு, ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி 3,600, மாதத் தவணை 260. நான்கு மாதத்தில் 1,040 வெள்ளி கட்டியிருப்பீர்கள். வாடகைக் கொள்முதலில் வழக்கமான ‘78 விதி’ப்படி தொடக்க மாதங்களில் வட்டி அதிகம் கழிக்கப்படுவதால், அசலில் 600 வெள்ளிகூடக் குறைந்திருக்காது. முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் தனி. கையெழுத்திட்ட தாளை எடுத்து, இன்று முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நிதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். எனக்கு இதை அன்று யாரும் சொல்லவில்லை. விற்ற பணம் போக மிச்சக் கடனை அடைக்க ஆறு மாதம் ஆனது.

உண்மையான பழுதைப் பொறுத்துப் போவது

இதுவரை சொன்னது பொறுமையைப் பற்றி. பழுதில் பொறுமை கூடாது. எண்ணெய்க் கசிவு, எரிந்துகொண்டே இருக்கும் எச்சரிக்கை விளக்கு, சூடானதும் இஞ்சின் நின்றுவிடுவது, பிரேக் நெம்புகோல் பஞ்சுபோல் அமுங்குவது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் ‘டொக்’ என்று தட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வண்டியை நிறுத்திக் கடைக்குத் தெரிவியுங்கள். “புது வண்டின்னா அப்படித்தான் இருக்கும்” என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் லெமன் சட்டம் என்று அழைக்கப்படும் பகுதி 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது பொதுவாக விற்பவரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுவதோ கேட்கலாம். மனம் மாறியதற்கும், தவறாகப் பயன்படுத்தியதற்கும், இயல்பான தேய்மானத்துக்கும் இது பொருந்தாது. பயனீட்டாளர் சங்கம் உதவும். அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் தேதி, ஓடிய கிலோமீட்டர், காணொளி, வேலைச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

தம்பி எழுதிய தாளில் ஆறு குறைகள் இருந்தன. நான்கைத் திருத்திவிட்டோம். அனலைப் பழகிக்கொண்டான். ஆறாவது, பிரேக் பிடிக்கும்போது வந்த தட்டல், நிஜமான பழுது: ஹேண்டில் தண்டின் பேரிங் சரியாக உட்காரவில்லை. முதல் முறை கடையில் இறுக்கிவிட்டு அனுப்பினார்கள், மறுபடி வந்தது. இரண்டாம் முறை காணொளியோடு போனான், பேரிங்கையே மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது வண்டி 7,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. போன ஞாயிறு விடியற்காலையில் மலேசியாவின் மெர்சிங்குக்குக் கிளம்பினான். மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து வாங்கிய கெரோப்போக் (மீன் அப்பளம்) பொட்டலத்தை என் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு, கீழே ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.